மண்ணெண்ணெயில் போன எண்கள்

இன்று ஆயுத பூஜை. மருமகள் தையல் மிஷினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசனை பொறுக்காமல் வாசலுக்கு வந்துவிட்டேன். காரணம் தெரிந்த ஒரே ஆள் நீதான். நீயும் போன மாதம் போய்விட்டாய்.

பாலாநகர் தொழிற்சாலையில் நீ சட்டப் பிரிவு, நான் ஸ்டோர். விமானப் பாகங்களுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த எஃகுக் கம்பிகளைச் சாதாரண இரும்பு என்று சொல்லி, சுங்க இலாகா முழு வரி போட்டிருந்தது. உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்றும் வரியாம். “இங்க எவனுமே செய்யாத எஃகுக்கு வரி போட்டு யாரைடா காப்பாத்தறாங்க?” என்று கேண்டீனில் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்துவாய். மேல்முறையீட்டை மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினாய். ஜெயித்தால் உனக்குப் பதவி உயர்வு நிச்சயம் என்று ஆபீஸே பேசியது.

கம்பி முனைகளில் அயல்நாட்டு ஆலை வர்ணத்தால் எழுதியிருந்த எண்கள்தான் உன் சாட்சி. சான்றிதழோடு ஒத்துப்பார்க்கச் சுங்க அதிகாரி வரவிருந்தார்.

“நக்கோ, கம்பியை யாரும் தொடக்கூடாது. அவர் பார்க்கிற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்” என்று அந்த ஊர் உருது கலந்து என்னிடம் சொன்னாய்.

“ஹவ், ஹவ்” என்று சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன்.

பூஜைக்கு ஸ்டோரில் ஒரு சாமான் அழுக்காக இருந்தாலும் எனக்குத் தாங்காது. ஆட்களை விட்டு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயால் துடைக்கச் சொன்னேன். பளபளத்த கம்பி முனைகளில் நானே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நீ சொன்னது நினைவுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் வந்த அதிகாரி முனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மேல்முறையீடு தோற்றது. ஆபீஸ் விசாரணையில், ஸ்டோருக்குச் சொன்னீர்களா என்று உன்னைக் கேட்டார்கள். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. என் பக்கம் திரும்பாமலே, “இல்லை சார், மறந்துட்டேன்” என்றாய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி.

சில வருஷம் கழித்து அந்த எஃகுக்கான வரியை மறுபடி ஆராய்ந்து குறைத்தார்கள். சொன்ன காரணம் உன் வாதமேதான். நீ மட்டும் அதே நாற்காலியிலிருந்தே ரிடையர் ஆனாய். நான் பேச்செடுத்தால், “விடுடா, கம்பி அழகாத்தான் இருந்துச்சு” என்று வாயடைத்துவிடுவாய்.

உன் காரியத்தன்று மாரெட்பள்ளி வீட்டில் உன் மனைவி என்னிடம் வந்தார். “அவர் எதையும் மறக்கிறவரே இல்லைண்ணா. அன்னிக்கு மட்டும் எப்படி மறந்தார்னு எனக்கு இன்னும் புரியலை.”

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.