மூன்றாவது கேள்விக்கு நீ எழுதிய பதில்

கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டை எடுப்பதற்காக இன்று காலை தகரப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டையின் நெடியையும் மீறிக்கொண்டு பழைய தேங்காயெண்ணெய் வாடை வந்தது. அடியில், செய்தித்தாளில் சுற்றியபடி, அந்தோணியின் சட்டை. நீலக் கோடு போட்டது, பதினாலு வயதுப் பையனுக்கு அளவெடுக்காமல் உத்தேசமாகத் தைத்தது, ஒரு நாள்கூட அவன் உடம்பில் படாதது. எண்ணெய்ப் போத்தலோடு சேர்த்து மூட்டை கட்டியதில் கழுத்துப் பட்டையில் ஏறிய கறை ஐந்து வருஷமாக அப்படியே இருக்கிறது. இந்தச் சட்டையை நீயும் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுத்தான் தலையைக் குனிந்துகொண்டு வேறு ஏதோ எழுத ஆரம்பித்தாய்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. தாப்பாவில் காய்ச்சலாய்க் கிடக்கிறாய் என்று சேதி வந்தபோது நான் வந்து பார்க்கவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று உன் மனைவிக்கு எழுதினேன். அது பொய். உன்மேல் எனக்குக் கோபம். உயிரோடு இருந்தபோது உன் முகத்துக்கு நேரே சொல்லாததை எல்லாம் இப்போது எழுதுகிறேன், நீ குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில்.

ஈப்போ கோர்ட்டில் நீ எழுத்து வேலை பார்க்கும் கிராணி, நான் துவிபாஷி. தீர்ப்புச் சொல்லும் வெள்ளைக்காரத் துரை ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பதும், கூண்டில் நிற்பவன் சொல்வதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வதும் என் பிழைப்பு. நாம் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் சின்னப் பையன்களுக்கு ஒரே தீர்ப்புத்தான் இருந்தது. வாழைத்தார் வெட்டியவனுக்கும் ரோத்தான் பிரம்பால் ஆறு அடி, கத்தியைக் காட்டிப் பணம் பறித்தவனுக்கும் ஆறு ரோத்தான் அடி. உனக்கு அது பொறுக்கவில்லை. "ஊர்ல உள்ள பயலுக்கெல்லாம் ஒரே அளவுல சட்டை தைக்கிறாருலா இந்தத் துரை" என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து பொருமுவாய்.

பொருமியதோடு நிற்காமல் ஒரு காகிதம் தயாரித்தாய். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று கேள்வி. யாரோடு சாப்பிடுகிறான்? யாருக்குப் பயப்படுகிறான்? அவனுக்காக யார் வந்து நிற்கிறார்கள்? பதில் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்களுக்குப் போவாய். நானும் இரண்டொரு தடவை வந்தேன். சம்பந்தம் பேசப் போகிற மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி அடுப்படி வரைக்கும் எட்டிப் பார்க்கிறாயே என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன். நீ சிரிக்கவில்லை. "சோறு யாரு போடுறான்னு தெரியாம தீர்ப்பு சொல்லக்கூடாது மச்சான்" என்றாய்.

அந்தக் காகிதத்தைத் துரை படிக்க ஆரம்பித்தார். வாழைத்தார் வெட்டியவனை அவன் அம்மாவிடமே விட்டார், அவன் மறுபடி கோர்ட்டுப் பக்கம் வரவே இல்லை. கத்தி காட்டியவனை வாரம் தவறாமல் ஸ்டேஷனில் வந்து முகம் காட்டச் சொன்னார், ஊரில் ஒரு பட்டறையில் வேலைக்கும் சேர்த்துவிட்டார். அவனும் அடங்கினான். இவனை விட்டுவிட்டால் போதும், அவனைக் கண்ணிலேயே வைத்திருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்த்தாய். நான் உன்னை மெச்சிக்கொண்டது அந்த ஒரு வருஷம்தான்.

அப்புறம் காகிதம் ஜெயித்துவிட்டது, நீ தோற்றுவிட்டாய். வழக்கு பெருகியது. மூன்று பதிலும் நிரம்பாத காகிதத்தைத் துரை திருப்பி அனுப்பினார். நீ சைக்கிளை விட்டுவிட்டு லாக்கப் கம்பிக்கு வெளியே நின்றபடியே கேள்வி கேட்டாய், ஒரு பையனுக்கு ஐந்து நிமிஷம். அடுப்படியைப் பார்க்கிற ஆள் கம்பி வழியாகப் பார்க்கப் பழகிக்கொண்டாய். நான் பக்கத்தில் நின்று மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சிம்பாங் பூலாய்த் தோட்டத்திலிருந்து வீரையனையும் அந்தோணியையும் கொண்டுவந்தார்கள். ரப்பர் மரத்திலும் பால் வடியும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைச் சுரண்டி, சாக்கில் கட்டி, வெளியே விற்றார்கள் என்று வழக்கு. வீரையனுக்கு அது மூன்றாவது தடவை. அந்தோணிக்கு முதல் தடவை. அவன் வேலை தேடித் தனியாக வந்தவன், அப்பன் இல்லாதவன், தாய் பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது கேள்வியை நீ கேட்டபோது வீரையன் முனகியது நினைவிருக்கிறதா? "கங்காணிக்குத்தான் பயம்." நீ எழுதிக்கொண்டாய். அந்தோணி நேராக உன்னைப் பார்த்தான். "யாருக்கும் பயம் இல்லங்க. சாக்குத் தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன். அதான் சொல்லிட்டேன்லா." அதையும் எழுதிக்கொண்டாய், முதல் பாதியை மட்டும்.

மூன்றாவது கேள்விக்கு வீரையன் பக்கம் கங்காணியே வந்தார். தலைப்பாகை, வெள்ளிப் பொத்தான் கோட்டு, கையில் குடை. நம் ஜனங்களுக்கும் சரி, துரைக்கும் சரி, கங்காணி வந்து நின்றுவிட்டால் அதற்குமேல் ஒரு சாட்சி வேண்டாம். ஊரிலிருந்து கூலிக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர், விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிறவர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நிற்கிறவர். அவருக்குப் பயந்தவன் நல்ல பையன் என்று நாமும் நினைத்தோம். ஒட்டுப்பால் சுரண்ட அனுப்பியதே அவர்தான் என்பது லயத்தில் நாய்க்குக்கூடத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சைக்கிளில் போயிருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும்.

அந்தோணியின் காகிதத்தில் மூன்றாவது இடம் காலியாக இருந்தது. மத்தியானம் நான் சொன்னேன், "தாய்க்குக் காயிதம் போட்டு மூணு நாள்தான் ஆச்சு. தோட்டத்து ஆபீசுக்குப் போயி, அங்க யாராச்சும் படிச்சுச் சொல்லி, அப்புறம்தான் அந்தம்மா கிளம்பணும். ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லு." நீ பேனாவை உதறினாய். "காலியா இருந்தா துரை என்னைத்தான் ஏசுவாரு" என்றாய். 'இன்னும் வரவில்லை' என்று எழுதியிருக்கலாம். 'ஒருவரும் இல்லை' என்று எழுதினாய். அதை நான் கோர்ட்டில் தமிழிலும் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

வீரையனைக் கங்காணியின் பொறுப்பில் விட்டார்கள். அந்தோணியை, பயமும் இல்லை, ஆளும் இல்லை, கெட்டுப்போகக்கூடியவன் என்று தெற்கே சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நாலு வருஷம். கூண்டிலிருந்து இறங்கும்போது அவன் வாசலைத்தான் பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். ஆற்றில் படகு, தெலுக் ஆன்சனிலிருந்து ரயில், ஸ்டேஷனிலிருந்து நடை. முந்தானை முழுக்கக் கரி. கையில் ஒரு துணி மூட்டை, அதற்கு வெளியே நீட்டிக்கொண்டு நீலக் கோடு போட்ட புதுச் சட்டை. நம் மேசைக்கு முன்னால் வந்து மூச்சு வாங்கினாள்.

"அந்தோணியோட அம்மாங்க. வந்துட்டேன். நான் எங்க நிக்கணும்?"

நீ சட்டையைப் பார்த்தாய், தலையைக் குனிந்துகொண்டாய். "கேசு முடிஞ்சுபோச்சு" என்றாய். அவளுக்குப் புரியவில்லை. கோர்ட்டு அறையின் வாசலுக்குப் போய், உள்ளே எட்டிப் பார்த்து, யாரும் இல்லாத கூண்டுக்கு எதிரே, சுவரோரமாய், தானே ஒரு இடம் பார்த்து நின்றுகொண்டாள். பியூன் வந்து கதவைச் சாத்தும் வரைக்கும் நின்றாள். நீ பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனாய். அவளை ரயிலடிவரை கொண்டுபோய் விட்டவன் நான். சட்டையை என் கையில் கொடுத்தாள். "நான் வந்தேன்னு மட்டும் புள்ளைகிட்ட சொல்லிருங்க ஐயா" என்றாள்.

சட்டையைத் தபாலில் அனுப்பினேன். வெளித் துணி ஏற்பதில்லை என்று திரும்பி வந்தது. தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கலாம். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று போடவில்லை. அந்த வருஷக் கடைசியில் கங்காணி அனுப்பி வீரையன் ஒரு கடையை உடைத்தான், காவல்காரனின் மண்டை பிளந்தது. பெரியவர்களின் சிறைக்கு அவன் போனபோது, அவனைத் தெரியவே தெரியாது என்று அதே கோட்டும் குடையுமாக வந்து கங்காணி சத்தியம் செய்தார். நீ அதையும் எழுதிக்கொண்டாய். பிறகு மாற்றல் கேட்டுத் தாப்பாவுக்குப் போய்விட்டாய். ஒரு தடவையாவது என்னிடம், தப்புப் பண்ணிட்டோம் மச்சான் என்று சொல்லியிருந்தால் உன் சாவுக்கு வந்திருப்பேன்.

உன் காகிதம் இப்போது அச்சடித்து வருகிறது, சந்தோஷப்படு. உன் மூன்று கேள்வியும் அப்படியே இருக்கின்றன, உன் பெயர்தான் இல்லை. அதை நிரப்புகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

நேற்று லாக்கப் கம்பிக்கு உள்ளே அந்தோணி நின்றான். பத்தொன்பது வயது. தோள் அகன்றுவிட்டது, முன்பல் ஒன்று இல்லை, புறங்கையில் பச்சை குத்தியிருக்கிறான். பள்ளியில் கூடப் படுத்தவர்கள் கற்றுக்கொடுத்த வேலையில் பிடிபட்டிருக்கிறான். ராத்திரி வீடு புகுந்து திருடுகிற வேலை. சாக்குத் தூக்கியவனை அனுப்பினோம், பூட்டு உடைக்கிறவனைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். தாய் அவன் உள்ளே இருந்தபோதே இறந்துவிட்டாளாம்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"அன்னிக்கு எங்க அம்மாவே வரல. இப்ப யாரு வரப்போறா? போட்டுக்கங்க சார், யாரும் இல்லன்னு."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்தாளடா, இரண்டு நாள் பிந்தி வந்தாள், நீ நின்ற கூண்டுக்கு எதிரே ஒரு இடம் பார்த்து நின்றாள் என்று. சொன்னால் அடுத்த கேள்வி அவன் கேட்பான், அப்போ யாரும் இல்லைன்னு எழுதினது யாரு, ஐந்து வருஷமா ஏன் சொல்லலை என்று. பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். துவிபாஷி ஒருவன் கைதிக்காகப் பேசினான் என்று பேர் வந்தால் என்ன ஆகும் என்று கணக்கெல்லாம் பார்த்தேன். பேனாவை உதறி, 'ஒருவரும் இல்லை' என்று எழுதினேன். உன்னைப் போலவே உதறியிருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இன்று காலை சட்டையைக் கையில் எடுத்து, கொண்டுபோகலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அவனுக்கு அது இனிமேல் ஒரு கைக்குக்கூட நுழையாது. மறுபடி சுற்றி அடியில் வைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மத்தியானம் துரை என் காகிதத்தைப் படித்தார், தலையை ஆட்டினார், பன்னிரண்டு அடியும் ஐந்து வருஷமும் என்றார். அதை அவனுக்குத் தமிழில் சொன்னேன். இறங்கும்போது இந்தத் தடவை அவன் வாசலைப் பார்க்கவில்லை.

உன்னை மன்னிக்க இதை எழுத உட்காரவில்லை. திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 'ஒருவரும் இல்லை' என்று நீ எழுதியபோது அவளை நீ பார்த்திருக்கவில்லை. நான் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறேன்.