ரெண்டு பிளேனும் இறங்கும் எண்டீங்க, நானா

எந்தப் பொய்யையும் சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிந்த, என் கூடப் பிறந்த நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கப்றுக் குழி வெளிச்சமாகவும் விசாலமாகவும் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். கேட்டு முடித்த கையோடு உங்களோடு சண்டை பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. உங்கள்மேல் என்னிடம் ஒரு வழக்கு இருந்தது. விசாரித்து முடித்துவிட்டேன். தீர்ப்பை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

முதலில் எங்கட பக்கத்துப் புதினம். மதுரங்குளிச் சந்தியில் இப்போது ரோட்டைக் கடக்கவே பயமாக இருக்கிறது, அவ்வளவு வாகனம். நான் மாறவில்லை. மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. யாராவது என்னைப் புகழ்ந்தால் அன்றைக்கு முழுக்க அவருக்கு என்ன தேவையாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். “பொலிஸில சேர்ந்திருக்க வேண்டியவ” என்று நீங்கள் சொல்லும் கேலியை இப்போது உங்கள் மச்சினன் எடுத்துக்கொண்டார். அவர் என் புருஷன் என்பதற்காக அவருக்கு மட்டும் விலக்கு கொடுக்க முடியுமா, சொல்லுங்கள்.

இந்தக் குணத்தை எனக்குள் விதைத்தது யார்? தொண்ணூறில் எங்கட சனத்தை மன்னாரை விட்டு விரட்டியபோது வள்ளத்தில் என்னை மடியில் வைத்துக்கொண்டு, “அழாத, ரெண்டு கிழமையில திரும்பிப் போயிருவம்” என்றீர்கள். நீங்களும் சின்னப் பிள்ளைதான், யாரோ பெரியவர்கள் சொன்னதைத்தான் சொன்னீர்கள். ஆனாலும் நான் நம்பினேன். இங்கே ஓலைக் கொட்டிலில் இருந்து பள்ளிக்கூடம் போய், அது கல்வீடாகி, அதிலிருந்து உங்களுக்குக் கல்யாணமும் நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு நீங்கள் மழை வரும் என்றால்கூட நான் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பேன்.

வழக்கு நீங்கள் கண்ணை மூடி மௌத்தான பிறகுதான் தொடங்கியது. ஒருநாள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உங்கள் மச்சினனிடம், “நானாட பழைய டிவி கேம் இப்ப எங்க கிடக்குதோ” என்றேன். அவ்வளவுதான். அடுத்த நாள் போனைத் திறந்தால் அதே பிளேன் கேம் விளம்பரமாக வந்து நிற்கிறது. கீழே நீலக் கடல், நடுவில் அந்தச் சின்ன வெள்ளை பிளேன். நான் தேடவில்லை, யாருக்கும் எழுதவும் இல்லை. இந்தப் போன் நான் கதைப்பதை ஒட்டுக் கேட்கிறது என்று உங்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நீங்கள் சிரித்தீர்கள்.

இரண்டு நாள் போனை அரிசி வாளிக்குள் வைத்து மூடினேன். மூன்றாம் நாள் புத்தளம் டவுனுக்குப் போய் ஒரு போன் கடையில் அதை வாங்கினேன். டிவியில் செருகுகிற சின்னப் பெட்டி, இரண்டு ரிமோட். “ஒரிஜினல்தான் ராத்தா” என்றான் கடைக்காரன். கேட்காமலே ஒருத்தன் ஒரிஜினல் என்று சொன்னால் என்ன அர்த்தம்?

வீட்டில் கொண்டுவந்து போட்டபோதும் எனக்குத் திருப்தி இல்லை. நிறமெல்லாம் அளவுக்கு மீறித் தெளிவாக இருந்தது. பாட்டு வேகமாகப் போவதுபோல இருந்தது. எங்கட வீட்டில் கரண்ட் குறைந்து படம் நெளிந்து நெளிந்து ஓடுமே, அதைத்தான் நாங்கள் கேமின் வேகம் என்று நினைத்திருக்கிறோமோ என்னவோ. இது எங்கட கேம்தான் என்று எப்படி நம்புவது?

அதற்கும் ஒரு வழி இருந்தது. இரண்டாம் கட்டத்தில் பீரங்கித் தீவு வரும்போது இடதுபக்க ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒரு குண்டும் படாது. “ஷிபானா, ஒளியிற இடத்துக்கு வா” என்று கத்துவீர்களே, அந்த இடம். பிளேனை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு ரிமோட்டைப் பாயில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். குண்டெல்லாம் பக்கத்தால் போனது. ஒன்றும் படவில்லை. எங்கட கேம்தான், நானா. அந்த இடத்தில் நின்றுகொண்டு கொஞ்சம் அழுதேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த அந்த டிவி கேமை நோன்பு காலத்தில் மட்டும்தான் உம்மா மனம்வைத்து எடுத்துத் தருவா. அஸர் தொழுகைக்குப் பிறகு பசி தெரியாமல் இருக்கட்டும் என்று. மேலேயிருந்து கப்பல் கப்பலாக வரும், நாங்கள் இரண்டு பேரும் சுட்டுக்கொண்டே போவோம். கடைசிக் கட்டத்துக்குக் கிட்டப் போகும்போது பள்ளியில் நோன்பு திறக்கிற மஃரிபு பாங்கு சொல்லிவிடும். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, கஞ்சியைக் குடித்துவிட்டு ஓடிவந்தால் வாப்பா பிளக்கைக் கழற்றி வைத்திருப்பார். ஒரு நோன்பிலும் முடிவைக் கண்டதில்லை.

பிறகு நீங்கள் ஆலங்குடாவில் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டோடு போனீர்கள். போகும்போது டிவி கேமையும் கொண்டு போனீர்கள். மதினிமேல் எனக்கிருந்த முதல் கோபம் அதுதான். நானாவையும் எடுத்து, பிளேனையும் எடுத்துவிட்டா என்று. அந்த வருஷப் பெருநாளைக்கு வந்து என்ன சொன்னீர்கள்? “முடிச்சிட்டம் தங்கச்சி! பெரிய கப்பல் தண்ணிக்குள்ள தாண்டவுடனே ரெண்டு பிளேனும் கடற்கரையில இறங்கும். ரெண்டு பேர் வெளிய வந்து தொப்பியக் கழட்டிக் கை காட்டுவாங்க.” நான் சொன்னேன், பொய் என்று. கடலில் சண்டை பிடிக்கிற கேமில் எங்கேயிருந்து கரை வந்தது? அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் நீங்கள் தொப்பியைக் கழற்றிக் காட்டுவீர்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இந்த வயதில் அந்தக் கேம் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நீங்கள் படுக்கையில் இருந்த அந்த மாதங்களில் நான் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டேன். “நோவுதா நானா?” நீங்கள் ஒரே பதில்தான் சொன்னீர்கள். “நோவில்ல தங்கச்சி. மருந்து நல்ல மருந்து.” சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். பக்கத்தில் மதினியும் சிரித்துக்கொண்டு நின்றா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. புருஷன் இப்படிக் கிடக்கும்போது எந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரும்? ஜனாஸா வீட்டிலும் அவ சத்தம்போட்டு அழவில்லை, உங்கள் சாரனை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தா. இவ எதையோ மறைக்கிறா என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

நோவு இருந்ததா இல்லையா? அது தெரியாமல் எனக்கு நித்திரை வரவில்லை. மதினியைக் கேட்டால் உண்மை சொல்வாவா? உங்களைக் கேட்க வழியில்லை. அப்போதுதான் எனக்கு இந்தப் பைத்தியக்கார யோசனை வந்தது. நீங்கள் சொன்னதில் இன்னும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது. கேமின் முடிவு. அது உண்மை என்றால் நோவில்லை என்றதும் உண்மை. நானே வைத்த சட்டம், நானே நீதவான்.

இந்த நோன்பில் அஸருக்குப் பிறகு தினமும் உட்கார்ந்தேன். பாங்கு சொன்னால் நிறுத்திவைக்க இப்போது பொத்தான் இருக்கிறது, பிளக்கைக் கழற்ற வாப்பா இல்லை. ஒருநாள் பெரிய கப்பலைச் சுட்டுத் தாட்டேன். கடல் கறுத்தது. வெள்ளை எழுத்தில் ஏதோ நன்றி என்று வந்தது. பிறகு? முதலாம் கட்டம் மறுபடி தொடங்கியது. கரையும் இல்லை, ஆளும் இல்லை, தொப்பியும் இல்லை.

பொய்யன் என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். உங்கள் மச்சினன் குசினிக்குள்ளிருந்து “நான் என்ன பொய் சொன்னன்?” என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார். கேம் பொய்யென்றால் மற்றதும் பொய்தானே, நானா?

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஆலங்குடாவுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். மதினி இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் முடிந்திருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தா. வெளியே நல்ல காற்று, கடற்கரைப் பக்கம், பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்களின் பெரிய பெரிய பட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தன. பெட்டியைப் பார்த்ததும் அவவின் முகம் மாறியது. நான் அதைக் கவனித்தேன், கவனிக்காமல் விடுவேனா?

“இதில கரை வராது மதினி. நான் முடிச்சுப் பாத்திட்டன். நானா பொய் சொல்லியிருக்காரு” என்றேன்.

“தனியவா வெளயாடினீங்க?” என்று கேட்டா.

“ஓம். வேற ஆரோட?”

“தனிய வெளயாடினா கரை வராது மச்சி. ரெண்டு பேரும் உசிரோட போய்ச் சேரணும்.”

எனக்கு இது நல்ல சாக்காகத்தான் பட்டது. சரி, உட்காருங்கள் பார்ப்போம் என்றேன். பாயில் உட்கார்ந்தா. ரிமோட்டை எடுத்த விதத்திலேயே தெரிந்தது, அந்தப் பெருவிரலுக்கு எல்லாம் தெரியும் என்று. பீரங்கித் தீவு வந்ததும் எனக்கு முன்னமே இடது ஓரத்துக்குப் போனா. ஒளியிற இடம் எங்கட இரண்டு பேருக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

நாலாம் கட்டத்தில் என் உயிரெல்லாம் தீர்ந்துபோனது. ரிமோட்டை வைக்கப் போனேன், என் பிளேன் மறுபடி வந்து நிற்கிறது. கடைக்காரனைத் திட்டினேன், பழுதான சாமான் தந்துவிட்டான் என்று. கொஞ்சத் தூரம் போய் மறுபடி செத்தேன். மறுபடி வந்தேன். அப்போதுதான் டிவியின் மூலையைப் பார்த்தேன். என் பிளேன் எழும்பும்போதெல்லாம் மதினியின் பக்கத்தில் ஓர் உயிர் குறைகிறது.

“என்ன செய்றீங்க மதினி?”

“கீழ்ப் பொத்தான ரெண்டு தரம் அமத்தினா நம்மட உசிரு மத்த ஆளுக்குப் போகும்” என்றா, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். “ஒங்கட நானாதான் காட்டித் தந்தாரு. ‘சின்னதுல தங்கச்சிக்கு இப்படித்தான் குடுப்பன், அவளுக்குத் தெரிஞ்சா கோவிப்பா’ எண்டு சொல்லுவாரு.”

நீங்கள் எப்போதும் எனக்கு முன்னால் செத்துப்போவீர்கள். “தோத்தாங்குளி நானா” என்று பாயைச் சுற்றிச் சுற்றி ஆடுவேன். எதையும் கண்டுபிடிக்கிற எனக்கு இது மட்டும் ஏன் தெரியவில்லை?

பெரிய கப்பல் தாண்டது. கடல் கறுக்கவில்லை. மேலேயிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு கரை இறங்கி வந்தது. இரண்டு பிளேனும் பக்கத்தில் பக்கத்தில் போய் நின்றன. இரண்டு பேர் வெளியே வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கை காட்டினார்கள். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது, நானா. ஒரு சொல்லும் பொய்யில்லை.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நான் வைத்த சட்டப்படி நோவில்லை என்றதும் உண்மை. அதோடு எழும்பி வந்திருக்கலாம். எழும்பினால் அது ஷிபானாவா? வாய் சும்மா இருக்கவில்லை. “மதினி, நானாக்கு நோவு இருக்கல்லதானே?” என்று கேட்டுவிட்டேன்.

மதினி ரிமோட்டைப் பாயில் வைத்தா. டிவியில் அந்த இரண்டு பேரும் கை காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

“இருந்திச்சு மச்சி. நல்லா இருந்திச்சு. நீங்க வந்து போற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இருப்பாரு. ஒங்கட பஸ் போன பிறகு தலகாணியக் கடிப்பாரு. ‘அவ என்ட மூஞ்சிய மட்டும் பாக்கமாட்டா, ஒண்ட மூஞ்சியையும் பாப்பா, நீயும் சிரி’ எண்டு சொன்னாரு. சிரிச்சன். அதுக்குப் பொறகு எனக்கு அழுகை சரியா வரல்ல.”

பாங்கு சொன்னது. மதினி பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினா. நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் பழத்தை வாயில் வைத்துக்கொண்டு அழுதோம். யாரும் போய் டிவியை நிறுத்தவில்லை.

என் தீர்ப்பு இதுதான். நான் பொய்யென்று நினைத்ததில் நீங்கள் உண்மை பேசினீர்கள், உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் கெஞ்சியதில் பொய் சொன்னீர்கள். என் சட்டம் ஒன்றுக்கும் உதவவில்லை. கோபம்தான், நானா. எனக்கும் அந்த நோவில் பங்கு தந்திருக்கலாம். நான் தாங்கியிருப்பேன். தாங்கியிருக்க மாட்டேன் என்று நீங்கள் நினைத்தீர்களா?

வெளிக்கிடும்போது வாசலில் நின்று கேட்டேன், “மதினி, நீங்க எப்படி இருக்கீங்க?” அவ சிரித்தா. “எனக்கென்ன மச்சி, நல்லாத்தான் இருக்கன்” என்றா.

அந்தச் சிரிப்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். செருப்பைப் போட்ட நான் அதைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனேன். அன்றைக்கு இரவு ஆலங்குடாவிலேயே தங்கினேன்.

இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போவேன், நானா. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கீழ்ப் பொத்தான் எது என்று எனக்கும் இப்போது தெரியும், அவவுக்குத் தெரியாமல் அமத்தப் பழகிக்கொள்வேன். அவ எத்தனை தரம் நல்லாயிருக்கன் என்று சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் பேச்சை ஒருநாளும் நம்பாத,
உங்கள் உயிரில் விளையாடி வளர்ந்த தங்கச்சி,
ஷிபானா