எழுத்தைப் பெரிதாக வைத்தவர்

அப்பாவுக்கு வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறீர்களா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம், சாப்பாட்டுக்குக் குறையில்லை.

நம் தையல் கடைக்கு விளையாட்டாக ஒரு வலைப்பக்கம் செய்து, நானே பார்த்துப் பார்த்துக் கற்ற வேலைதானே இது. இங்கே ஒரு மருத்துவமனைக்கு, நோயாளிகள் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கும் பக்கத்தைச் செய்தேன். போன வாரம் அதில் ஒரு சின்னப் பிழை தெரியவந்தது. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை.

ஒரு பெண் தன் அப்பாவின் போனோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "எல்லாத்தையும் எழுதிட்டு, போயிடுச்சுன்னு நினைச்சு நாலு நாளா காத்திருந்தார். அனுப்புற பட்டன் எங்கேங்க?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். உங்களைப் போலவே அவரும் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார். அதனால் பட்டன் திரைக்கு வெளியே போயிருந்தது.

"அப்பா இப்ப எப்படி இருக்கார்?"

"அவர் போய் ஒன்பது நாளாச்சுங்க."

திருத்த ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. 'ஒரு திரைக்கு நாலே வார்த்தையா' என்று உங்களைக் கேலி செய்தவன் நான். நீங்கள் ஆளுக்கு ஆள் அளவெடுப்பீர்கள். நான் என் ஒரு போனுக்கு அளவெடுத்து ஊருக்கே சட்டை தைத்துவிட்டேன்.

ஒரு உதவி. பக்கத்தின் முகவரியைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் போனில் திறந்து, 'அனுப்பு' தெரிகிறதா என்று பாருங்கள். அம்மாவையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததும் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

மேலாளர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். தெரியாவிட்டால், பையன் வருத்தப்படுவானே என்று தெரிவதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்பா.

உங்கள் மகன்