கழற்றி வைத்த சீட் கவர்

நேற்று மத்தியானம் மகளின் புதுக் கார்க் கதவைத் திறந்ததும் நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒரு நொடி நம்பிவிட்டேன். அப்படி ஒரு வாசம். பதப்படுத்திய தோல் வாசம். ஆம்பூர் தொழிற்சாலையிலிருந்து சாயங்காலம் நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது உங்களுக்கு முன்னால் அதுதான் வரும். நீங்கள் போனபிறகு சட்டைகளை மோந்து பார்த்திருக்கிறேன், சோப்பு வாசம்தான் மிச்சம் இருந்தது. கார் சீட்டிலோ நீங்கள் முழுசாக இருந்தீர்கள்.

"அண்ணி, அண்ணன் எடுத்து வெச்ச தோல்தான். பாப்பா கார் வாங்கிச்சுன்னு தெரிஞ்சதும் நாலு சீட்டுக்கும் தெச்சு மாட்டிட்டேன்" என்றார் உங்கள் தம்பி. பீரோ மேல் நீங்கள் சுருட்டி வைத்திருந்த தோல், நீங்கள் போனபிறகு தம்பி தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். "பொண்ணு கார் வாங்குனா சீட்டுக்கு இதான். எவ்ளோ இழுத்தாலும் கிழியாது, இழுத்துப் பாரு" என்று என் கையிலேயே கொடுப்பீர்கள். நம் ஊரில் துணி சீட்டோடு ஓடும் காரைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். கார் வந்த கையோடு தோல் உறை மாட்டாவிட்டால் ஏதோ குறை மாதிரி பார்ப்பார்கள்.

தம்பிக்குச் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தேன். உள்ளே சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. கேட்காமலே ஏன் தைத்தார்? நல்ல தோலை வைத்துக்கொண்டு மட்டமானதைத் தைத்துவிட்டாரோ?

என்ன செய்வது, கல்யாணமாகி வந்தபோது நான் இப்படி இல்லை. தோலில் பூச்சி கடித்த தழும்பு, கத்தி பட்ட இடம் என்று நாள் பூரா குறை தேடுவது உங்கள் வேலை. அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவீர்கள், கடைக்கும் போவீர்கள். வேலூரில் உதிரி பாகக் கடைக்காரர் பிரேக் பேடு டப்பாவை நீட்டினால் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "டப்பா புதுசா கீது, உள்ள சரக்கு புதுசா?" என்று கேட்பீர்கள். அவர் கோபப்பட்டால் உடனே, "ஒரிஜினல்னு எழுதித் தருவியா?" என்பீர்கள். அத்தோடு அவர் வேறு டப்பாவை எடுத்து வருவார். எனக்கு வெட்கமாக இருக்கும், கடைக்கு வெளியே போய் நின்றுகொள்வேன்.

அங்கேயும் விடமாட்டீர்கள். டயரின் பக்கவாட்டில் குனிய வைத்து நான்கு எண்களைப் படிக்கச் சொல்வீர்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம், தயாரித்த நேரம் அதுதான். மூன்று வருஷம் கடையில் கிடந்ததைப் புது டயர் என்று மாட்டப் பார்த்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் மச்சான் பெல்ட் போடாமலே எச்சரிக்கை மணி அடங்க ஒரு கொக்கியை மாட்டி வைத்திருந்தார். அதைப் பிடுங்கி ஓடுகிற வண்டியிலிருந்தே பாலாற்றுப் பாலத்தில் வீசினீர்கள். ஆறு மாசம் அவர் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்தக் குணம் எனக்கு ஒட்டிக்கொண்டது, போகமாட்டேன் என்கிறது.

தம்பி போனதும் காருக்குள் ஏறிச் சோதித்தேன். நீங்கள் வைத்த தோலில் முள்கம்பி கீறி ஆறிய கோடு ஒன்று உண்டு. அதனால்தான் ஏற்றுமதியில் கழித்து உங்களுக்குக் கொடுத்தார்கள். டிரைவர் சீட்டின் முதுகில் அந்தக் கோடு இருந்தது. பாவம், தம்பி மேல் தப்பில்லை. கோட்டைத் தடவிக்கொண்டே கை கதவுப் பக்க ஓரத்துக்குப் போனது. தோலுக்கு அடியில் ஏதோ தட்டையாக இடறியது. உறையை மெல்லத் தூக்கினேன். சின்னத் துணி லேபிள். ஏர்பேக் என்று எழுதியிருந்தது.

மகளைக் கூப்பிட்டேன். "அது சைடு ஏர்பேக்மா. பக்கத்துல இடிச்சா சீட் ஓரத்தைக் கிழிச்சுகிட்டு வெளிய வந்து விலாவைத் தாங்கும்."

"கிழிச்சுகிட்டா?"

எவ்வளவு இழுத்தாலும் கிழியாத தோலை அதன் மேல் இறுக்கித் தைத்திருக்கிறோம். மறுநாள் காலை அவள் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகவேண்டும்.

கார் விற்ற இடத்துக்குப் போன் போடச் சொன்னேன். "எல்லாரும் போடுறாங்க மேடம், ஒண்ணும் ஆவாது" என்றார் ஒருவர். கேள்வி முடியும் முன்னே பதில் வந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. போனை வாங்கினேன்.

"ஒண்ணும் ஆவாதுன்னு எழுதித் தருவியாப்பா?"

அவர் குரலை இறக்கி, "முன் சீட்டு ரெண்டையும் கழட்டிடுங்க மேடம்" என்றார்.

சாயங்காலம் தம்பியை வரவழைத்தேன். "அண்ணி, ஊர்ல எல்லாக் காரும் இப்டித்தான் ஓடுது. இது அண்ணன் ஆசை" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு மட்டும் இல்லையா? ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனுஷன் நீங்கள், தோலை மட்டும் சந்தேகப்படவில்லை. அந்த ஒரு சந்தேகத்தை உங்கள் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கொக்கிகளை விடுவித்தோம். உறையை மடித்தபோது முள்கம்பிக் கோடு மேலே வந்தது. அதைப் பார்க்காமல் பீரோ மேல் வைத்தேன்.

பின் சீட்டின் ஓரங்களையும் தடவிப் பார்த்தோம். அங்கே ஏர்பேக் இல்லை என்று மகளும் விசாரித்துச் சொன்னாள். அந்த உறையை மட்டும் விட்டுவைத்தோம்.

இன்று காலை நானும் அவளோடு கிளம்பிவிட்டேன். "முன்னாடி வந்து உக்காரும்மா, நான் இன்னா டிரைவரா?" என்றாள். வரவில்லை என்றேன். பின்னால் ஏறி பெல்ட்டை மாட்டினேன். அந்த வாசம் வந்து சூழ்ந்துகொண்டது. "பிரேக் பாத்தியா? டயர்ல காத்து?" என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அப்பா மாதிரியே பேஜார் பண்றே" என்றாள்.

வாணியம்பாடி தாண்டியதும், அவள் பார்க்காத நேரத்தில், சீட்டின் ஓரத் தையலைப் பிடித்து என் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மைதான். கிழியவே இல்லை.