தோல்தாளில் ஒரு கிழிசல்

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? போன கடிதத்தில் நான்கே வரி எழுதியிருந்தாய். ஒட்டிய தபால்தலைக்காவது மரியாதை வேண்டாமா?

நூலகத்தில் என் கைக்கு ஒரு பழைய வெளிநாட்டு மருந்துப் புத்தகம் வந்திருக்கிறது. எண்ணூறு வருஷத்துக்கு முந்தியது. காகிதமே இல்லை, எல்லாம் கன்றுத்தோல். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது வேறொருவர் வேலை. எனக்குப் புத்தகத்தின் உடம்பைச் செப்பனிடுவதுதான். தாளின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மயிர் இருந்த புள்ளிகள். கன்று உயிரோடு இருந்தபோது பூச்சி கடித்த இடம் இப்போது ஓட்டையாக விரிந்திருக்கிறது. எழுதியவன் அதைச் சுற்றிக்கொண்டு எழுதிப் போயிருக்கிறான். குழந்தைக் காய்ச்சலுக்கான பக்கத்தில்தான் விரல் அழுக்கு அதிகம். யார் யார் பதறிப் புரட்டினார்களோ.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் இன்னும் பேசவில்லையா? என் குவார்ட்டர்ஸில் பின்னறை சும்மாதான் கிடக்கிறது. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. உனக்கு வேலை கிடைக்கும்வரை என்னோடு இரு.

கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

உன் அக்கா

மார்ச் 19

என் அக்காவுக்கு,

போனில் பேசினால் கூடத்தில் இருப்பவர் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து அவர் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. என் சர்டிபிகேட்டுகளை எங்கோ எடுத்து வைத்துவிட்டார். நேற்று சாப்பிடும்போது பாப்பாவிடம், "உங்கம்மாகிட்ட சொல்லு, உப்பு பத்தல" என்றார். நான் எதிரிலேயே நிற்கிறேன். பாப்பா என் பக்கம் திரும்பி, "அம்மா, உப்பு பத்தலயாம்" என்றாள், ஏதோ பாடம் ஒப்பிப்பது போல. அவளுக்குப் பழகிவிட்டது, அக்கா. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "நாங்க பார்த்துக் கட்டி வெச்ச இடம்மா, அனுசரிச்சுப் போ" என்றார். அதோடு விட்டாரா? நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இவரிடம் ஒப்பித்துவிட்டார். அதற்கு நான் பட்டதை நேரில் சொல்கிறேன்.

ஆமாம், வருகிறேன். பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும். பையில் பாதித் துணி வைத்தாகிவிட்டது.

கண்ணாடிக் கடைக்குப் போகாதே. டாக்டரைப் பார்.

குட்டி

ஏப்ரல் 11

அன்புள்ள குட்டிக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல எங்கள் நூலகத்து பைண்டர் எழுதுகிறார்.

நடுப்பார்வை போய்விட்டது. விழித்திரைக் கோளாறாம்; இனி திரும்பாது என்கிறார் டாக்டர். யாரிடமும் சொல்லாமல் ஓரக்கண்ணால் வேலையை ஓட்டிக்கொண்டிருந்தேன். போன திங்கள்கிழமை ஒரு தாளைப் புரட்டும்போது அதன் ஓரம் அடுத்த தாளோடு ஒட்டியிருந்தது எனக்குத் தெரியவில்லை. இழுத்துவிட்டேன். ஈரம் பட்டு இற்றுப்போயிருந்த தோல். ஒரு விரல் நீளம் கிழிந்துவிட்டது. வெள்ளம், எலி, நெருப்பு எல்லாவற்றுக்கும் தப்பி வந்தது, குட்டி.

நானே போய்ச் சொன்னேன். "வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்க" என்று நூலகத் தலைவர் தன்மையாகத்தான் பேசினார். தன்மையாகவே வேலையிலிருந்தும் நிறுத்தினார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சனிக்கிழமை அண்ணன் வந்து என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. பின்னறையைப் பெருக்கி வைத்திருந்தேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் நான் அங்கே போயிருப்பேன். இனி உன் கடிதங்களை அண்ணன்தான் எனக்குப் படித்துக் காட்டுவார். நான் சொல்வதை எழுதப்போவதும் அவர்தான். புரிகிறதா?

அக்கா

(கையெழுத்து மட்டும் நான் போட்டது. கோணலாக இருந்தால் சிரிக்காதே.)

மே 2

மதிப்பிற்குரிய அண்ணனுக்கும் அன்புள்ள அக்காவுக்கும்,

இங்கே எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறோம். பாப்பா நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அவர் நன்றாக இருக்கிறார். என்னிடம் நன்றாகப் பேசுகிறார். வேலைக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டேன். லீவுக்கு எங்கும் போவதாக இல்லை.

அக்காவுக்கு நேரத்துக்கு மருந்து கொடுங்கள். படியில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றுதான் சொல்வாள், விடாதீர்கள்.

அண்ணா, இந்தக் கடிதத்தை அவளுக்கு நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் படியுங்கள். வேறு ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கை