முதல் மாலை

அன்புள்ள அப்பா,

தாத்தா இல்லாததால், கிள்ளான் கோயிலில் நம் குடும்பத்துக்குரிய முதல் மாலையை இம்முறை நான் கழுத்தில் வாங்கினேன். ஏன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டாய் என்று கேட்பார்களோ எனப் பயந்தேன். யாரும் கேட்கவில்லை.

“கங்காணி வீட்டுப் பிள்ளைக்கு வழி விடுங்க லா,” என்றார் பூசாரி.

பக்கத்தில் நின்ற ஆன்டி சிரித்தார். “ரப்பர் தோட்டத்துல கங்காணியா இருந்த உன் பூட்டன் பிரம்பால அடிச்சதுல எங்கப்பா கை கடைசிவரைக்கும் நிமிரலம்மா.”

பூட்டன் கோயில் கட்டினார், தாத்தா பஸ் விட்டார் என்றுதானே எனக்குச் சொன்னீர்கள்?

மாலையைக் கழற்றி அந்த ஆன்டியிடம் நீட்டினேன்.

“எனக்கெதுக்கு லா? உங்க வீட்டுது, நீயே சுமந்துக்கோ.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இது தெரிந்துதான், ஷா ஆலம் தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று சொல்லி என்னை அனுப்பினீர்களா? அம்மா அந்த மாலையை வாசலில் மாட்டி எல்லாருக்கும் காட்டுகிறார். அவர் முன்னால் பதில் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்