ஆற்றின் மேல் ஒரு மேடை

18 ஜனவரி 1974, வெள்ளி
பனி. தொண்டை கட்டியிருக்கிறது. காலனி சங்கச் செயலாளர் ரங்கநாதன் வீட்டுக்கே வந்தார். குடியரசு தினத்தன்று அடையாற்றங்கரையில் ‘ஆற்றைக் காப்போம்’ விழாவாம். என் மாணவிகள் ஆற்றைப் பற்றி ஆட வேண்டுமாம். இத்தனை வருஷமாக என் நாட்டிய வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷர், இப்போது பழக்கூடையோடு. எனக்கென்னவோ சரியாகப் படவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். பெண்களுக்கு முதல் மேடை, விட மனசில்லை.
வாங்க: சலங்கைக் கயிறு, மிளகு.

20, ஞாயிறு
ஒத்திகையில் கலாவுக்கு அலை அபிநயம் வருகிறது. உஷாவுக்கு முழங்கை மடங்குகிறது. ரங்கநாதன் மறுபடி. மேடைக்குப் பலகை போதும் என்றேன். பலகை ஆடும், மண் கொட்டிக் கெட்டித்துத் தருகிறோம் என்றார். நாட்டியத்தைவிட மேடையில்தான் அக்கறை. ஏன்?

24, வியாழன்
இடம் பார்க்கப் போனேன். ஆற்றிலிருந்து பிரியும் நாணல் ஓடை முழுக்க மேடாகிவிட்டது. மேடைக்கு அப்பாலும் மண். கல் நட்டு, கயிறு கட்டி, சதுரம் சதுரமாக, மனை பிரித்த மாதிரி. நாற்காலி போடத்தான் என்றார் மேஸ்திரி, என் முகத்தைப் பார்க்காமல். வழக்கமாக அங்கே படகைக் கட்டிவைக்கும் மீன்காரர் ஒருவர் அதைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டார்: “டான்ஸ் முட்ஞ்சதும் மண்ண எடுத்துடுவாங்களாம்மா?”
கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ரங்கநாதனைக் கேட்டால், மழை வந்தால் தானாகக் கரைந்துவிடும் என்கிறார். எனக்கு எதிலும் சந்தேகம் என்கிறார் என் வீட்டுக்காரர். ஆமாம், சந்தேகம்தான்.

26, சனி
நல்ல கூட்டம். ஆடுமுன் பூமியைத் தொட்டு வணங்குவோம், மிதிக்கப்போவதற்கு மன்னிப்புக் கேட்டு. பெண்கள் குனியப் போனார்கள். காலடியில் சேற்று வாடை. நிறுத்தச் சொன்னேன். யோசித்து வைத்ததில்லை. மைக்கை வாங்கினேன்.
“பூமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுதான் ஆடுவோம். இங்க கீழ இருக்கறது ஆறு. அதை மூடிட்டு, அது மேலயே நின்னு அதைப் புகழ்ந்து ஆட என்னால முடியாது. மண்ண எடுங்க, ஆடறோம்.”
ரங்கநாதன் சிரித்தபடி கைதட்டினார். நாட்டியத்தில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டமும் தட்டியது. அழுகை வந்தது. அப்போது கலா உட்கார்ந்து சலங்கையை அவிழ்த்தாள். பிறகு உஷா. பிறகு எல்லோரும். கைதட்டல் நின்றது.
கலாவின் அம்மா மகளை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய்விட்டார்.

27, ஞாயிறு
தலைவலி. மண்ணை இன்றே எடுத்துவிடுகிறோம் என்று ரங்கநாதன் ஆள் அனுப்பினார். இவ்வளவு சீக்கிரமா? தெருவில் லாரிச் சத்தம். காலி லாரி, ஆற்றுப் பக்கம்தான் போகிறது. அப்பாடா. பின்னாலேயே இன்னொன்று. தார்ப்பாய் போட்டு மூடி, பாரத்தில் அழுந்திப் போகிறது. மண் எடுக்கப் போகிற வண்டிக்குத் தார்ப்பாய் எதற்கு?
செருப்பு எங்கே